ஒரு சூப்பர்மார்க்கெட் ஏன் சாஃப்ட்வேர் கம்பெனி மீது வழக்குப் போட்டது? உங்கள் ஆபீஸ் சர்வருக்கு அடியில் இருக்கும் 'வெர்ச்சுவல் மெஷின்' கதை

பிரிட்டனின் மிகப் பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனம் டெஸ்கோ. பால், ரொட்டி, காய்கறி விற்கும் இந்த நிறுவனம் 2025-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடர்ந்தது. கேட்கும் இழப்பீடு குறைந்தது 10 கோடி பவுண்டு. எதிர்த்தரப்பில் இருப்பது போட்டிக் கடை எதுவும் இல்லை. பிராட்காம் என்ற அமெரிக்க நிறுவனமும், அதன் சாஃப்ட்வேரை டெஸ்கோவுக்கு விற்ற கம்ப்யூட்டாசென்டர் நிறுவனமும்தான்.

சண்டைக்குக் காரணம் 'விஎம்வேர்' என்ற சாஃப்ட்வேர். 2021-ல் இதற்கு நிரந்தர லைசென்ஸ் வாங்கினோம், 2026 வரை சப்போர்ட்டும் சேர்த்துத்தான் ஒப்பந்தம் போட்டோம், இப்போது சந்தா கட்டினால்தான் சப்போர்ட் என்கிறார்கள் என்பது டெஸ்கோவின் குற்றச்சாட்டு. கடைகளில் பில் போடும் கவுன்டர்களோடு இணைந்தவை உட்பட சுமார் 40,000 சர்வர் வேலைகள் இந்த சாஃப்ட்வேர் மீதுதான் ஓடுகின்றன என்று அது சொல்கிறது.

கவனித்துப் பாருங்கள். டெஸ்கோவின் வாடிக்கையாளர் ஒருவருக்கும் விஎம்வேர் என்ற பெயர் தெரிந்திருக்காது. ஆனால் அது நின்றால் கடை நிற்கும். உங்கள் ஆபீஸிலும் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். காலையில் லாகின் செய்வது, மெயில் பார்ப்பது, லீவு போடுவது, இன்வாய்ஸ் அடிப்பது எல்லாமே ஏதோ ஒரு வெர்ச்சுவல் மெஷினில்தான் நடக்க வாய்ப்பு அதிகம். அது என்ன, எப்படி வேலை செய்கிறது, ஏன் இப்போது கோர்ட் வரை போயிருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

ஒரே ஒரு நிஜ கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பது போல் நடந்துகொள்ள வைப்பதுதான் இதன் அடிப்படை. 'போல்' என்பதுதான் இங்கே முக்கியம்.

ஒரு பெரிய சர்வர் பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 32 கோர் புராசசர், 512 ஜிபி மெமரி. அதன் மேல் நேரடியாக விண்டோஸையோ லினக்ஸையோ போடாமல், 'ஹைப்பர்வைசர்' என்ற மெல்லிய சாஃப்ட்வேரைப் போடுகிறார்கள். அது இந்தப் பெட்டியைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. "உனக்கு 4 கோர், 16 ஜிபி மெமரி, 200 ஜிபி டிஸ்க்" என்று ஒதுக்கப்படும் ஒவ்வொரு பங்கும் ஒரு வெர்ச்சுவல் மெஷின். சுருக்கமாக விஎம்.

ஒவ்வொரு விஎம்முக்கும் தனி ஆபரேட்டிங் சிஸ்டம், தனி ஐபி முகவரி, தனி பாஸ்வேர்டு உண்டு. ஒன்றில் விண்டோஸ் சர்வர் ஓடும், பக்கத்திலேயே இன்னொன்றில் லினக்ஸ் ஓடும். உள்ளே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பொறுத்தவரை அது ஒரு முழு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அடுக்குமாடி வீடு மாதிரி என்று சொல்லலாம். ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு, தனி ஈபி மீட்டர். ஆனால் அஸ்திவாரமும் தண்ணீர்த் தொட்டியும் எல்லோருக்கும் பொது.

அந்தப் பொது அஸ்திவாரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் இரண்டாம் பாதி அதைப் பற்றித்தான்.

இது ஏன் தேவைப்பட்டது?

2000-ம் ஆண்டு வாக்கில் ஒரு நடுத்தர கம்பெனியின் சர்வர் அறையைக் கற்பனை செய்யுங்கள். மெயிலுக்கு ஒரு பெட்டி. கணக்குக்கு ஒரு பெட்டி. ஊழியர் லாகினைச் சரிபார்க்க ஒன்று, ஃபைல் வைக்க ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று.

ஏன் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடவில்லை? போட்டால் சண்டை வரும். மெயில் சர்வருக்கு ஒரு அப்டேட் போட்டால் கணக்கு சாஃப்ட்வேர் படுத்துவிடும். ஒன்றுக்கு ரீஸ்டார்ட் கொடுத்தால் மற்றதும் நிற்கும். டேட்டாபேஸ் விற்றவர் "என் சாஃப்ட்வேரோடு வேறு எதுவும் ஓடக்கூடாது, ஓடினால் சப்போர்ட் கிடையாது" என்பார். அதனால் 'ஒரு சாஃப்ட்வேருக்கு ஒரு பெட்டி' என்பதே எழுதப்படாத விதி.

விளைவு, வீண் செலவு. இப்படித் தனித்தனியாக ஓடிய சர்வர்கள் சராசரியாகத் தங்கள் திறனில் 5 முதல் 15 சதவீதம்தான் உழைத்தன என்பது அந்தக் காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்ட கணக்கு. ஆனால் கரன்ட் பில், ஏசி, இடவாடகை, பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் முழுப் பெட்டிக்கும் கட்ட வேண்டும்.

புது சர்வர் வேண்டுமென்றால் அது இன்னொரு தலைவலி. "சார், டெஸ்டிங்குக்கு ஒரு சர்வர் வேணும்" என்று கேட்டால், "கொட்டேஷன் வாங்குப்பா, பட்ஜெட்ல போடலாம்" என்று பதில் வரும். ஆர்டர் போட்டு, பெட்டி வந்து, ரேக்கில் ஏற்றி, கேபிள் மாட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். விஎம் வந்த பிறகு இதே வேலை சில நிமிடங்களில் முடிகிறது.

ஒரு எளிய கணக்கு. 10 சர்வர்கள், ஒவ்வொன்றும் 10 சதவீதம்தான் உழைக்கிறது. கூட்டினால் ஒரே சர்வரின் வேலைதான். அதற்காக யாரும் ஒரே பெட்டியில் பத்தையும் அடைக்க மாட்டார்கள். 3 பெட்டி வாங்கி விஎம்களைப் பிரித்துப் போடுவார்கள். ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் சுமையைத் தாங்க வேண்டுமே! அப்படிப் பார்த்தாலும் 10 பெட்டி இருந்த இடத்தில் 3 போதும்.

யார் கண்டுபிடித்தது?

யோசனை பழசு. 1960-களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையம் இதைச் செய்து பார்த்தது. அப்போது கம்ப்யூட்டர் என்றாலே ஒரு அறை அளவு மெயின்பிரேம். அதை ஒரே நேரத்தில் பலர் தனித்தனி மெஷின் போலப் பயன்படுத்த வழி தேடினார்கள். 1972-ல் 'விஎம்/370' என்ற பெயரில் ஐபிஎம் இதை அதிகாரபூர்வ தயாரிப்பாகவே அறிவித்தது.

பிறகு மலிவான பெர்சனல் கம்ப்யூட்டர்கள் வந்தன. ஆளுக்கொரு மெஷின் வாங்கும் விலைக்கு வந்ததும், பங்கு போடும் யோசனை ஓரமாகப் போனது. மேலும், நம் கம்ப்யூட்டர்களில் இருக்கும் எக்ஸ்86 வகை புராசசர்களை இப்படிப் பங்கு போடுவது கடினம். அதன் சில கட்டளைகள் ஹைப்பர்வைசரின் பிடிக்குள் சிக்காமல் நழுவிவிடும்.

1998-ல் டயான் கிரீன், மென்டல் ரோசன்ப்ளம் உள்ளிட்ட 5 பேர் கலிஃபோர்னியாவில் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நழுவும் கட்டளைகளை ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடித்து, பாதுகாப்பான கட்டளைகளாக மாற்றி எழுதும் உத்தியால் அந்தச் சிக்கலைத் தாண்டினார்கள். 1999-ல் டெஸ்க்டாப்புக்கான தயாரிப்பு, 2001-ல் சர்வருக்கான தயாரிப்பு. 2005, 2006-ல் இன்டெலும் ஏஎம்டியும் புராசசருக்குள்ளேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. அதன் பிறகு வேகம் பற்றிய கவலையும் பெரும்பாலும் போய்விட்டது.

க்ளவுடும் இதே தொழில்நுட்பத்தின் பிள்ளைதான். 2006 ஆகஸ்டில் அமேசான் தொடங்கிய இசி2 சேவை, விஎம்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தொழில். அதற்கு அடியில் இருந்தது பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஸென்' என்ற இலவச ஹைப்பர்வைசர். "நாங்க க்ளவுடுக்குப் போயிட்டோம், எங்களுக்கு விஎம் எல்லாம் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். அங்கேயும் பெரும்பாலும் விஎம்தான்.

சர்வர் ஒரு ஃபைலாக மாறினால் என்னவெல்லாம் செய்யலாம்?

இதுதான் விஷயத்தின் மையம். விஎம்மின் டிஸ்க் என்பது உண்மையில் ஸ்டோரேஜில் இருக்கும் ஒரு பெரிய ஃபைல். அதன் செட்டிங்ஸ் இன்னொரு சின்ன ஃபைல். சர்வர் ஃபைலாகிவிட்டால், ஃபைலை என்னவெல்லாம் செய்வோமோ அதையெல்லாம் சர்வருக்கும் செய்யலாம்.

ஸ்னாப்ஷாட்: அப்டேட் போடுவதற்கு முன் சர்வரின் இப்போதைய நிலையைப் பதிந்து வைக்கலாம். அப்டேட் சொதப்பினால் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

க்ளோன்: ஒழுங்காக ஓடும் ஒரு சர்வரை அப்படியே நகலெடுத்து டெஸ்டிங் டீமுக்குக் கொடுக்கலாம்.

தானாக எழுவது: ஒரு பெட்டி திடீரென்று செத்துவிட்டால், அதில் இருந்த விஎம்கள் பக்கத்துப் பெட்டியில் தானாகவே பூட் ஆகும். இரவு 2 மணிக்கு ஐடி ஊழியர் பைக் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் இது ரீஸ்டார்ட்தான். சில நிமிடங்கள் சேவை நிற்கும்.

ஓடும்போதே இடம் மாறுவது: கொஞ்சம் மேஜிக் மாதிரி இருக்கும். ஒரு விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வேறு பெட்டிக்கு நகர்த்தலாம். முதலில் அதன் மெமரி முழுவதும் நெட்வொர்க் வழியாக நகலாகிறது. நகலாகும் நேரத்தில் மாறிய பகுதிகள் மட்டும் மீண்டும் நகலாகின்றன. மிச்சம் மிகச் சிறிதானதும் விஎம் கண் இமைக்கும் நேரம் நின்று, அடுத்த பெட்டியில் தொடர்கிறது. பயன்படுத்துபவருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. விஎம்வேர் 2003-ல் கொண்டுவந்த இந்த வசதிதான் பெரிய நிறுவனங்களை அதன் பக்கம் இழுத்தது.

பழுது பார்ப்பதிலும் இது கைகொடுக்கும். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றன. மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம். விஎம்களும் தப்பவில்லை. உள்ளே போகும் தவறான சாஃப்ட்வேரை விஎம் தடுக்காது. ஆனால் சரிசெய்யும்போது வித்தியாசம் தெரிந்தது. லேப்டாப் என்றால் ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் போய் உட்கார வேண்டும். விஎம் என்றால், அதன் டிஸ்க்கைக் கழற்றி நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு விஎம்மில் மாட்டி, கெட்ட ஃபைலை அழித்து, திரும்ப மாட்டலாம். எல்லாம் இருந்த இடத்திலிருந்தே.

எல்லா சாஃப்ட்வேரையும் விஎம்மில் போடலாமா?

தொழில்நுட்பப்படி பெரும்பாலானவற்றைப் போடலாம். மெயில், ஈஆர்பி, டேலி, ஃபைல் சர்வர், ஊழியர் வருகைப் பதிவு, வெப்சைட் எல்லாம் நன்றாகவே ஓடும். டேட்டாபேஸ் மட்டும் கொஞ்சம் கவனம் கேட்கும். அதற்கு மெமரியை முழுசாக ஒதுக்க வேண்டும், டிஸ்க் வேகம் குறையக்கூடாது.

அங்கேதான் ஐடி டீம்கள் தடுக்கி விழுகின்றன. கையில் இருப்பது 512 ஜிபி மெமரி. ஆனால் "எல்லாரும் ஒரே நேரத்துலயா யூஸ் பண்ணப்போறாங்க?" என்ற நம்பிக்கையில் 700 ஜிபி வரை பங்கு போட்டுவிடுவார்கள். சாதாரண நாளில் ஓடிவிடும். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கும் ஜிஎஸ்டி வேலையும் ஒன்றாக வந்தால் எல்லா விஎம்மும் ஒரே நேரத்தில் மெமரி கேட்கும். அன்றைக்குத்தான் "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று ஆபீஸ் முழுக்க போன் அடிக்கும்.

பெரிய சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை, லைசென்ஸில். சாஃப்ட்வேர் விற்பவர்கள் எல்லோரும் விஎம்மில் எத்தனை கோர் என்று பார்ப்பதில்லை. பலர் அடியில் இருக்கும் நிஜப் பெட்டியின் கோர்களை எண்ணுகிறார்கள். விண்டோஸ் சர்வரின் 'ஸ்டாண்டர்டு' பதிப்பில், பெட்டியின் எல்லா கோர்களுக்கும் லைசென்ஸ் வாங்கினால் 2 விஎம்களுக்கு உரிமை கிடைக்கும். அதே பெட்டியில் எத்தனை விண்டோஸ் விஎம் வேண்டுமானாலும் ஓட்ட வேண்டுமென்றால் விலை அதிகமான 'டேட்டாசென்டர்' பதிப்பு வாங்க வேண்டும்.

ஆரக்கிள் இன்னும் கறார். விஎம்வேரில் ஒரு சின்ன விஎம்முக்குள் ஆரக்கிள் டேட்டாபேஸ் ஓடினாலும், அந்த விஎம் நகர்ந்து போகக்கூடிய மற்றப் பெட்டிகளுக்கும் சேர்த்து லைசென்ஸ் வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. விஎம்மின் பெரிய பலமே நகர்வதுதான். இங்கே அதுவே பில்லாக மாறுகிறது. 2015-ல் சாக்லேட் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனம் இந்தத் தணிக்கைத் தகராறில் ஆரக்கிளை கோர்ட்டுக்கு இழுத்தது. தணிக்கைக்காக மார்ஸ் கொடுத்த ஆவணங்கள் மட்டும் 2 லட்சம் பக்கங்களுக்கு மேல். அந்த ஆண்டே சமரசத்தில் வழக்கு முடிந்தது. கேள்வி முடியவில்லை.

அஸ்திவாரம் ஆட்டம் கண்டால்?

இப்போது அந்த அடுக்குமாடி அஸ்திவாரத்துக்கு வருவோம். ஒரு பெட்டியில் 30 விஎம் ஓடினால், ஹைப்பர்வைசரைப் பிடித்தவருக்கு 30-ம் கிடைக்கும். ரேன்சம்வேர் கும்பல்கள் இதைப் புரிந்துகொண்டுவிட்டன.

2023 பிப்ரவரியில் 'இஎஸ்எக்ஸ்ஐ-ஆர்க்ஸ்' என்ற தாக்குதல் நடந்தது. இன்டர்நெட்டுக்கு நேரடியாகத் திறந்து கிடந்த விஎம்வேர் ஹைப்பர்வைசர்களைத் தேடிப் பிடித்து, விஎம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டார்கள். அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் எஃப்பிஐயும் அப்போது சொன்ன கணக்குப்படி 3,800-க்கும் மேற்பட்ட சர்வர்கள் சிக்கின.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, திருடர்கள் நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு விஎம்வேர் 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் கொடுத்துவிட்டது. 2 வருடமாகியும் பலர் அதைப் போடவில்லை. ஏன்? ஹைப்பர்வைசரை அப்டேட் செய்ய, மேலே ஓடும் எல்லா விஎம்களையும் நகர்த்தவோ நிறுத்தவோ வேண்டும். "நல்லாத்தானே ஓடுது, எதுக்குத் தொடணும்?" என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டு, முதல் அலையில் பல இடங்களில் செட்டிங்ஸ் போன்ற சின்ன ஃபைல்கள்தான் பூட்டப்பட்டன. டேட்டா இருந்த பெரிய ஃபைல்கள் தப்பித்திருந்தன. அதை வைத்து விஎம்களை மீட்க சிசா ஒரு ஸ்கிரிப்ட்டை வெளியிட்டது. சில நாட்களிலேயே வந்த அடுத்த வடிவம் பெரிய ஃபைல்களிலும் கை வைத்தது. அந்த வழியும் அடைபட்டது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் உடைத்துவிடலாம். ஸ்னாப்ஷாட் என்பது பேக்கப் இல்லை. ஸ்னாப்ஷாட் பொதுவாக அசல் டிஸ்க் இருக்கும் அதே ஸ்டோரேஜில்தான் இருக்கும். ஸ்டோரேஜ் போனால் இரண்டும் போகும். நாள்கணக்கில் அழிக்காமல் விட்டால் அது வளர்ந்து இடத்தை நிரப்பி, விஎம்மையே நிறுத்திவிடும். பேக்கப் என்றால் வேறு இடத்தில், வேறு பாஸ்வேர்டில் இருக்க வேண்டும்.

பிராட்காம் வந்த பிறகு என்ன ஆனது?

திருடர்கள் தவிர இன்னொரு வகையிலும் அஸ்திவாரம் ஆடலாம். அதன் உரிமையாளர் மாறினால்!

விஎம்வேர் 2004-ல் இஎம்சி கைக்குப் போனது. 2016-ல் இஎம்சியை டெல் வாங்கியது. 2021-ல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. இத்தனை கை மாறியும் வாடிக்கையாளருக்கு அடிப்படை ஏற்பாடு மாறவில்லை. லைசென்ஸை ஒருமுறை வாங்கு, வருடாவருடம் சப்போர்ட்டுக்கு மட்டும் கட்டு.

2023 நவம்பர் 22 அன்று பிராட்காம் சுமார் 69 பில்லியன் டாலர் மதிப்பில் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டது. இனி சந்தா மட்டும். தனித்தனியாக வாங்க முடிந்த பல தயாரிப்புகள் சில பெரிய தொகுப்புகளாகச் சுருங்கின. கணக்கு கோர் அடிப்படைக்கு வந்தது, ஒரு புராசசருக்குக் குறைந்தது 16 கோர். 8 கோர் புராசசர் வைத்திருக்கும் சின்ன கம்பெனியும் 16-க்குக் கட்ட வேண்டும். சின்ன கம்பெனிகளும் மாணவர்களும் பயன்படுத்திய இலவசப் பதிப்பு 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது.

பிராட்காம் தரப்பு வாதமும் இருக்கிறது. சந்தா முறைக்கு மாறுவது சாஃப்ட்வேர் துறை முழுக்க நடந்த ஒன்று, தொகுப்பாக வாங்கும்போது முன்பு தனியாகப் பணம் கட்டிய வசதிகளும் சேர்ந்தே வருகின்றன என்பது அது. எல்லா வசதியையும் பயன்படுத்தும் பெரிய நிறுவனத்துக்கு அந்தக் கணக்கு சரியாக வரலாம். வெறும் ஹைப்பர்வைசர் மட்டும் போதும் என்பவருக்கு வராது.

2024-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஏடி அண்ட் டி நியூயார்க்கில் வழக்குப் போட்டது. சுமார் 8,600 சர்வர்களில் 75,000 விஎம்கள் ஓட்டுவதாகவும், கேட்கப்பட்ட விலை உயர்வு 1,050 சதவீதம் என்றும் அந்த நிறுவனம் சொன்னது. சில மாதங்களில் சமரசமானது. ஐரோப்பாவின் க்ளவுட் நிறுவனங்களின் சங்கமான சிஸ்பே, விஎம்வேரை வாங்க பிராட்காமுக்குத் தந்த அனுமதியையே ரத்து செய்யக் கோரி 2025-ல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு டெஸ்கோ.

பிடிக்கவில்லை என்றால் மாறிவிட வேண்டியதுதானே?

மாற்று இருக்கிறது, ஒன்றல்ல பல. லினக்ஸுக்குள்ளேயே 2007 முதல் இருக்கும் கேவிஎம் இலவசம். அதன் மேல் நல்ல நிர்வாகத் திரை போட்டுத் தருவது ஆஸ்திரியாவின் பிராக்ஸ்மாக்ஸ். நியூட்டானிக்ஸின் ஹைப்பர்வைசரும் கேவிஎம் அடிப்படையிலானதுதான். விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி கூடவே வருகிறது.

விஎம் என்பது ஒரு ஃபைல்தான் என்றால், நகலெடுத்து அங்கே போட வேண்டியதுதானே? ஃபைலை மாற்றுவது உண்மையில் எளிது. பிராக்ஸ்மாக்ஸ் 2024-ல் விஎம்வேரிலிருந்து நேரடியாக இழுத்துக்கொள்ளும் வசதியையே கொடுத்துவிட்டது. சிரமம் ஃபைலைச் சுற்றி இருப்பவற்றில்.

வெர்ச்சுவல் டிஸ்க்குக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் டிரைவர் மாற வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் பூட் ஆகாமல் நிற்கும். பேக்கப் சாஃப்ட்வேர் புது ஹைப்பர்வைசரோடு பேச வேண்டும். நெட்வொர்க் பிரிப்புகளைப் புதிதாக எழுத வேண்டும். ஈஆர்பி விற்றவரிடம் கேட்டால் "நாங்க விஎம்வேர்ல மட்டும்தான் டெஸ்ட் பண்ணியிருக்கோம் சார்" என்பார். அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் மாற்றினால் நாளைக்குப் பிரச்சினை வரும்போது கை கொடுக்க மாட்டார். 15 வருடம் ஒரே கருவியில் பழகிய ஊழியர்களுக்கும் பயிற்சி வேண்டும்.

முடியாதது இல்லை. ஆஸ்திரியாவின் அனெக்ஸியா என்ற க்ளவுட் நிறுவனம் சுமார் 12,000 விஎம்களை விஎம்வேரிலிருந்து கேவிஎம் அடிப்படையிலான சொந்தத் தளத்துக்கு மாற்றியது. ஆனால் அவர்களுக்குத் தொழிலே அதுதான். தொழிற்சாலையோ மருத்துவமனையோ நடத்துபவருக்கு ஐடி ஒரு துணை வேலை. லைசென்ஸ் முடிய 3 மாதம் இருக்கும்போது விலையைப் பார்த்து அதிர்ந்தால், மாறுவதற்கு நேரம் இருக்காது. கேட்ட விலைக்குக் கையெழுத்துப் போடுவதுதான் ஒரே வழி.

நிஜப் பெட்டியிடமிருந்து சாஃப்ட்வேரை விடுவித்ததுதான் விஎம் செய்த பெரிய காரியம். டெல் பெட்டி போனால் எச்பி பெட்டி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சார்பு மறைந்துவிடவில்லை. ஒரு மாடி மேலே ஏறி ஹைப்பர்வைசரில் உட்கார்ந்துகொண்டது. பெட்டி விற்பவரிடம் பேரம் பேசிய கம்பெனிகள், இதில் பேரம் பேசும் நாள் வரும் என்று யோசிக்கவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஐடி துறையில் இருந்தால்:

- உங்கள் ஹைப்பர்வைசர் எது, லைசென்ஸ் எப்போது முடிகிறது என்பதை எழுதி வையுங்கள். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு வருடம் முன்பே மாற்றுகளை டெஸ்ட் செய்யத் தொடங்குங்கள்.
- முக்கியமில்லாத 2 விஎம்களையாவது வேறு ஹைப்பர்வைசரில் ஓட்டிப் பாருங்கள். "எங்களால் போக முடியும்" என்பது பேரத்திலும் உதவும்.
- ஹைப்பர்வைசரின் நிர்வாகத் திரை இன்டர்நெட்டுக்குத் திறந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். திறந்திருந்தால் மூடுங்கள். பேட்ச் போட மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள்.
- லாகின் சரிபார்க்கும் 2 சர்வர்களும் ஒரே பெட்டியில் ஓடாமல் பிரித்து வையுங்கள். ஒரே பெட்டியில் இருந்தால் இரண்டு இருந்தும் பயனில்லை.
- பேக்கப்பிலிருந்து ஒரு விஎம்மை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

வேலை தேடுபவர் என்றால், இது கற்க நல்ல நேரம். வெளிநாட்டு நிறுவனங்களின் சர்வர்களைச் சென்னை, கோவை, பெங்களூருவிலிருந்து பார்த்துக்கொள்ளும் ஐடி சேவை நிறுவனங்களுக்கு இந்த இடமாற்ற வேலை நேரடியாக வந்து சேரும். கற்கச் செலவும் கிடையாது. 16 ஜிபி மெமரி உள்ள ஒரு பழைய டெஸ்க்டாப்பில் பிராக்ஸ்மாக்ஸ் போட்டுப் பழகலாம். லேப்டாப்பில் என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிறது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோவும் 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம். 2 விஎம் உருவாக்குங்கள், ஒன்றை வேண்டுமென்றே கெடுங்கள், பிறகு மீட்டுப் பாருங்கள்.

ஐடியோடு சம்பந்தமே இல்லாத வேலையா? அடுத்த ஆபீஸ் மீட்டிங்கில் ஐடி டீமிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம சர்வர் எல்லாம் எது மேல ஓடுது, அந்தக் கம்பெனி நாளைக்கு விலையை ஏத்தினா என்ன பண்ணுவோம்?" பதில் தயாராக இருந்தால் உங்கள் கம்பெனி நல்ல கைகளில் இருக்கிறது. இல்லையென்றால், அந்தக் கேள்வியைப் புதுப்பிக்கும் தேதிக்கு முன்பே கேட்டவர் நீங்களாக இருப்பீர்கள்.